இரண்டு கூரைகளுக்கு நடுவே

பூங்காவின் நடுவில் நிற்கும் அந்த நினைவு மண்டபத்துக்கு ஒரே ஒரு கூரை என்றுதான் ஊரே நினைத்துக்கொண்டிருக்கிறது. உண்மையில் இரண்டு. வெளியே தெரிகிற பெரிய குவிமாடம் போட்டோ எடுப்பவர்களுக்கு. உள்ளே நின்று அண்ணாந்து பார்ப்பவர்களுக்கு, அதன் வயிற்றுக்குள் தாழ்வாக இன்னொரு குவிமாடம். இரண்டுக்கும் நடுவே ஓர் இருட்டு. செங்கல் விலாக்கள், துருப்பிடித்த இரும்பு வளையம், புறா எச்சம், வளைந்து வளைந்து ஏறும் மரப்படிகள். அங்கே போய் வருகிறவர்கள் இரண்டே பேர். மாதம் ஒரு தடவை ஓவர்சியர். வாரம் ஒரு தடவை பெருக்குகிற அம்மா.

ஓவர்சியருக்கு அலுவலகத்தில் வைத்திருந்த பெயர் 'மாத்தமில்ல சார்'. பெரிய குவிமாடத்தின் அடியில் ஒரு விரிசல் உண்டு. அதன் குறுக்கே ஐந்து இடங்களில் விரலகலக் கண்ணாடித் துண்டு வைத்து, இரு நுனியிலும் காரை பூசி ஒட்டியிருந்தார். விரிசல் மயிரிழை அகன்றாலும் கண்ணாடி உடைந்துவிடும். உடையவில்லை என்றால் கட்டடம் அசையவில்லை. ஆறு வருடமாக மாதம் தவறாமல் நோட்டில் 'மாற்றம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவந்தார்.

இதில் வெளியே சொல்லாத சங்கதி ஒன்று இருந்தது. முதல் இரண்டு வருடம் கிட்டப் போய்த் தொட்டுப் பார்த்தார். அப்புறம் முட்டி மக்கர் செய்ய ஆரம்பித்தது. கடைசி நாற்பது படிகளுக்குக் கீழே, கொஞ்சம் நிற்க இடமுள்ள ஒரு பலகைத் தளம் உண்டு. அங்கிருந்து டார்ச் அடித்தால் ஐந்து கண்ணாடியும் மின்னும். மின்னினால் போதும் என்று இறங்கிவிடுவார். ஒரு மனிதன் எத்தனை தடவைதான் ஏறி இறங்குவான்?

அவர் ஓய்வு பெற இன்னும் இருபது நாள். மண்டபத்துக்கோ நூறு வயது. வெள்ளிக்கிழமை அறுநூறு பள்ளிப் பிள்ளைகள் அந்தக் கூரைக்கு அடியில் நின்று பாடப்போகிறார்கள். விழா மலருக்குக் குவிமாடத்தின் உட்புறப் படங்கள் வேண்டும் என்று துறை டைரக்டர் கேட்டதால், செவ்வாய்க்கிழமை காலை அவர் அந்த நாற்பது படிகளையும் ஏறினார். ஒவ்வொரு படிக்கும் தன் முட்டியையும் டைரக்டரையும் சேர்த்துத் திட்டினார்.

ஐந்து கண்ணாடியும் முழுசாகத்தான் இருந்தன. போனை உயர்த்தி, மூன்றாவது கண்ணாடியைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் அது தெரிந்தது. காரையில் ஒரு கட்டைவிரல் தடம். சின்ன விரல். அவர் எப்போதும் கொத்துக் கரண்டியால்தான் பூசுவார். பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து விரிசலில் வைத்தார். ஆறு வருடத்துக்கு முன் ஊசி முனை மட்டும் போன இடத்தில் நாணயம் தடங்கலில்லாமல் உள்ளே போனது.

பெருக்குகிற அம்மா இரண்டு விலாக்கள் தள்ளி நின்றுகொண்டிருந்தாள். அவர் எங்கே பார்க்கிறார் என்பதைப் பார்த்ததும் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டாள்.

"இத யாருமா ஒட்டினது?"

"நான்தான் சார்."

"ஏன்?"

"ஒடஞ்சு கெடந்துச்சு. தொடப்பம் பட்டு ஒடஞ்சிருக்கும்னு நெனச்சேன். பழைய போட்டோ ஃபிரேம் கண்ணாடிய வெட்டி ஒட்டிட்டேன். அப்புறம் இந்தப் பக்கம் தொடப்பத்தையே கொண்டுவரல. அப்பவும் ஒடஞ்சுது. புறாவா இருக்கும்னு நெனச்சேன்."

"எத்தனை தடவ?"

"பதினொண்ணு."

"ஒரு தடவகூட எங்கிட்ட சொல்லணும்னு தோணலையா?"

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "நான் வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கே சொன்னீங்களே சார். இதுல ஒண்ணு ஒடஞ்சாலும் அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவேன்னு."

சொல்லியிருப்பார். எல்லோரிடமும் சொல்வது அதுதான். வேறெதுவும் அவர் சொன்னதில்லை.

உடைந்த துண்டுகளை அவள் எறியவில்லை. குப்பை அள்ளுகிறவர்கள் கையைக் கிழிக்கும் என்று, அன்றன்றைக்குக் கிடைத்த செய்தித்தாளில் ஒவ்வொன்றாகச் சுற்றி, துடைப்ப அறையில் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். இருவரும் இறங்கினார்கள். ஓவர்சியர் தரையிலேயே உட்கார்ந்து பதினொரு பொட்டலத்தையும் தேதிப்படி வரிசையாக வைத்தார். மூன்று வருடத்துக்கு முன் ஒன்று. அடுத்த வருடம் இரண்டு. போன வருடம் நான்கு. மீதி நான்கும் இந்த மூன்று மாதத்துக்குள். விரிசல் நடையைக் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறது. அவர் ஆறு வருடமாக எழுதிய நோட்டில் இல்லாத உண்மை முழுவதும் அந்த பிஸ்கட் டப்பாவில் இருந்தது. அவமானத்தைவிட அவருக்கு அப்போது களைப்புதான் அதிகமாக இருந்தது. அங்கேயே படுத்துவிடலாம் போல இருந்தது.

டைரக்டருக்குப் போன் போட்டார். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, "இன்னும் இருபது நாள்ல போறீங்க. ஏன் சார் வம்பு?" என்றார். "விழா முடியட்டும். அப்புறம் ரிப்போர்ட் எழுதுங்க. அந்த அம்மா கண்ணாடிய மாத்தி மாத்தி ஒட்டி உங்கள ஏமாத்திட்டாங்கன்னு எழுதுங்க. அது நெசந்தானே. உங்க பேரும் கெடாது."

ஓவர்சியர் பொட்டலங்களைப் பார்த்தார். அதுவும் நிஜம்தான். அதுதான் தொந்தரவு. இரண்டு வரி எழுதினால் போதும். மாலை மரியாதையோடு வீட்டுக்குப் போகலாம். அவள் துடைப்பத்தை வைத்துவிட்டுப் போகவேண்டியிருக்கும். வெள்ளிக்கிழமை அறுநூறு பிள்ளைகள் வாயைத் திறந்து பாடுவார்கள்.

"மண்டபத்த இப்பவே பூட்டறேன் சார்" என்றார். "ரிப்போர்ட் ஒரு மணி நேரத்துல வரும்."

"உங்களுக்குத்தான் கெட்ட பேரு."

"தெரியும்."

துடைப்ப அறையிலேயே, ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து எழுதினார். விரிசலைக் கடந்த நான்கு வருடமாக நான் அருகில் சென்று பார்க்கவில்லை, பார்த்ததாகக் கையெழுத்திட்டேன் என்பது முதல் வரி. அதை எழுதத்தான் நேரம் பிடித்தது. மற்றது மளமளவென்று வந்தது. பதினொரு தேதிகளையும் எழுதி, இவற்றைப் பத்திரப்படுத்தி வைத்தவர் துப்புரவுப் பணியாளர் என்றும் எழுதினார்.

மண்டபத்திலிருந்த பத்துப் பதினைந்து பேரை வெளியே அனுப்பிவிட்டு, இருவருமாகப் பெரிய கதவை இழுத்துச் சாத்தினார்கள். அவர் சாவியைத் திருகிக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள்.

"எனக்கு வேல போயிடுமா சார்?"

"முதல்ல என் பேரு இருக்கு. அதத் தாண்டித்தான் உங்ககிட்ட வருவாங்க."

அவள் குவிமாடத்தை அண்ணாந்து பார்த்தாள். "அந்தக் கண்ணாடி எதுக்குத்தான் சார்?"

இத்தனைக்குப் பிறகும் அதைச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. "செவுரு அசைஞ்சா அது ஒடயும். ஒடஞ்சா, கூரை ஆபத்துல இருக்குன்னு நமக்குத் தெரியும். ஒடயறதுக்காகத்தான் ஒட்டினது."

"இவ்வளவுதானா?" என்றாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை. "இத அன்னைக்கே சொல்லியிருந்தா, மொதத் துண்டையே கொண்டாந்து கையில குடுத்திருப்பேனே."