மூணு என்ன?

முதல் நாள் நான்கு முழமாக இருந்த சால்வை, நாற்பதாம் நாள் எல்ஜீலால் ஊரை முழுவதுமாக மூடியிருந்தது. அளந்தவர் தையற்காரர் காரே. அவருக்கு மிகைப்படுத்தும் பழக்கம் கிடையாது.

ஆறு வருடங்களாக மேட்டுக்காரர்களும் பள்ளத்துக்காரர்களும் ஒரே கிணற்றுக்காகச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். சமாதானப் பேச்சை வழக்கப்படி முதலில் வேல மரத்தடியில்தான் வைத்தார்கள். ஊரே சுற்றி உட்கார்ந்து கேட்டது. மேட்டுப் பெரியவர் தீரியே ஒரு வார்த்தை இறங்கி வந்தால் மேட்டுக்காரர்கள் அவரைக் கோழை என்றார்கள். பள்ளத்துப் பெரியவர் ஷிர்வா ஒரு வார்த்தை இறங்கி வந்தால் பள்ளத்துக் கவிஞன் அங்கேயே அவர்மேல் வசை பாடினான். மூன்றாம் நாள் யாரோ மரத்தின்மேல் சுட்டார்கள். நகரத்திலிருந்து வந்திருந்த தூதர் இரண்டு பெரியவர்களையும் பள்ளிக்கூடத்துக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். தகரச் சுவர் என்பதால் வெளியே நின்றவர்களுக்கு எல்லாம் கேட்டது. அப்போதுதான் தீரியே தோளிலிருந்த சால்வையை எடுத்துத் தன் கைமேலும் ஷிர்வாவின் கைமேலும் போட்டார். இருவரும் ஒரு காலத்தில் ஒட்டகத் தரகர்கள். சந்தையில் தரகர்கள் விலையை வாயால் பேசுவதில்லை. துணிக்கு அடியில் ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, மூன்று விரலைப் பிடித்தால் மூன்று. அது பத்தா, நூறா, ஆயிரமா என்ற குழப்பம் வராது, ஏனென்றால் ஒட்டகம் எதிரே நிற்கும். பள்ளிக்கூடத்தில் எதிரே எதுவும் நிற்கவில்லை. தூதர் இதைக் கவனிக்கவில்லை. நாற்பது நாள் ஒரு சத்தமும் இல்லாமல் பேச்சு நடந்தது. பேச்சு முன்னேறுகிறது என்று அவர் தினமும் வானொலியில் சொன்னார். அதில் பொய்யில்லை. துப்பாக்கிச் சத்தம் நின்றிருந்தது.

துணிக்கு அடியில் ஒரு விஷயம் முடியும்போதெல்லாம் சால்வை வளர்ந்தது. பத்தாம் நாள் பள்ளிக்கூடத்தின் ஜன்னல் வழியாக வெளியே வந்தது. இருபதாம் நாள் சந்தையைத் தாண்டியது. பள்ளிவாசல் கோபுரம் நடுவில் நின்று கூடாரக் கம்பம்போல் அதைத் தாங்கியது. எப்போதும் அந்தி என்று நினைத்த ஆடுகள் நாளுக்கு ஒரு தடவைதான் பால் கொடுத்தன. சூரியத் தகடுகள் செத்துப்போனதால் தொலைபேசிக்கு மின்னேற்ற ஊருக்கு வெளியே ஒரு மணி நேரம் நடக்க வேண்டியிருந்தது. காரே கத்தரிக்கோலால் ஒரு ஓட்டை போட்டார். பிற்பகல் அசர் தொழுகைக்குள் அது மூடிக்கொண்டது. மக்கள் ஒருவரை ஒருவர் நடையை வைத்து அடையாளம் கண்டுகொள்ளப் பழகினார்கள். என்ன முடிவாகிறது என்று கேட்டவர்களிடம் தூதர், கையெழுத்தானதும் தெரியும் என்றார்.

அம்பரோ ஆட்டுத் தரகு செய்பவள். பிறந்தது மேட்டில், வாழ்க்கைப்பட்டது பள்ளத்தில். அவள் கணவனைக் கிணற்றடியில் யாரோ சுட்டுக் கொன்று நான்கு வருடம் ஆகியிருந்தது. மகள் இடிலுக்குப் பத்தொன்பது வயது. மருந்தகத்தில் ஊசி போடக் கற்றுக்கொண்டிருந்தாள். மகன் அவளைவிட இரண்டு வயது சின்னவன். முப்பத்தெட்டாம் நாள் காலை தீரியேயின் மனைவி பர்னி ஒரு நூலோடு அம்பரோவின் வீட்டுக்கு வந்தாள்.

"உன் பொண்ணைக் கூப்பிடு. மணிக்கட்டை அளக்கணும், வளையலுக்கு."

"என் பொண்ணுக்கு நீங்க எதுக்கு பெரியம்மா வளையல் போடுறீங்க?"

"தெரியாத மாதிரி பேசாதே. சமாதானத்துக்குப் பள்ளத்துல இருந்து மூணு பொண்ணு வருது. உன் பொண்ணு எங்க சின்னவனுக்கு. துணிக்கு அடியில முடிஞ்சு போச்சு."

சண்டை முடிந்தால் ஒரு பக்கத்துப் பெண்ணை மறுபக்கத்துக்குக் கட்டிக் கொடுப்பது பழைய வழக்கம். அம்பரோவே அப்படி வந்தவள்தான். தன்னை யாரும் கேட்கவில்லை என்பதை அவள் இருபத்திரண்டு வருடமாக மறக்கவில்லை. பர்னியை நூலோடு திருப்பி அனுப்பிவிட்டு நேராக ஷிர்வாவிடம் போனாள்.

"மாமா, என் பொண்ணைக் கொடுத்திட்டீங்களா?"

"வாயைத் திறக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்மா. ஆனா நீ கவலைப்படாதே."

"கொடுத்திட்டதால கவலைப்படாதேங்கறீங்களா, கொடுக்காததாலயா?"

ஷிர்வா தொழக் கிளம்பிவிட்டார். வெள்ளிக்கிழமை கையெழுத்து. நடுவில் இரண்டு நாள்தான் இருந்தது. அம்பரோ அந்த இரண்டு நாளும் வீடு வீடாகப் போனாள். அவளைப்போல் ஒரு பக்கம் பிறந்து மறுபக்கம் வாழ்க்கைப்பட்ட பெண்கள் ஊரில் அறுபது பேர் இருந்தார்கள். வெள்ளிக்கிழமை காலை அறுபது பேரும் பள்ளிக்கூட வாசலில் நின்றார்கள். இடிலும் வந்திருந்தாள். தூதர் கைகளை விரித்து வழியை மறித்தார்.

"அம்மா, நீங்க உள்ளே வரக் கூடாது."

"நாங்க உள்ளேதான் தம்பி இருக்கோம். ஊரே இதுக்கு உள்ளேதான் இருக்கு, அண்ணாந்து பாருங்க."

அவர் அண்ணாந்து பார்த்தார். அந்த நேரத்தில் அவர்கள் நுழைந்துவிட்டார்கள். பெரியவர்கள் இருவரும் எதிரெதிரே பாயில் உட்கார்ந்திருந்தார்கள். கைகள் துணிக்கு அடியில் இருந்தன. கடைசி விஷயத்தை உறுதிசெய்ய முப்பத்தெட்டாம் நாள் மாலை மறுபடி பிடித்ததிலிருந்து அந்தக் கைகளைப் பிரிக்க முடியவில்லை, சாப்பிடுவதும் தூங்குவதும்கூட அப்படியேதான் என்பது அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. அம்பரோ மண்டியிட்டுத் தன் கையைச் சால்வைக்கு அடியில் விட்டாள். இரண்டு கைகளுக்கு நடுவே மூன்றாவது கை போனதாக எந்தச் சந்தையிலும் யாரும் கேள்விப்பட்டதில்லை. தீரியே கத்தினார். அவள் கையை எடுக்கவில்லை. விரல்களைத் தடவிப் பார்த்தாள்.

"மூணு. சரி, மூணு என்ன?"

அவள் தீரியேயின் பக்கம் திரும்பினாள்.

"பெரியப்பா, நீங்க சொல்லுங்க. மூணு என்ன?"

தீரியே, "மூணு பொண்ணு" என்றார்.

"பொண்ணா?" ஷிர்வா சத்தியத்தை மறந்துவிட்டார். "யோவ், நான் கொடுத்தது மூணு நாள்! கிணத்துல வாரத்துக்கு மூணு நாள்!"

பின்னால் இருந்து ஒரு பெண், "நாப்பது நாளா ரெண்டு கிழடும் கையைப் பிடிச்சுக்கிட்டு என்னதான்யா பண்ணுனீங்க?" என்றாள். சிரிப்பு தகரத்தில் மோதி ஊர் முழுவதும் கேட்டது. கைகள் தாமாகப் பிரிந்தன. சால்வை ஜன்னல் வழியாகச் சரியாக மூன்று முழம் உள்ளே இழுத்துக்கொண்டது. வடக்கு ஓரத்தில் இருந்த ஒரு வீட்டுக்கு வெயில் வந்தது.

தீரியே இடிலைப் பார்த்து, உனக்கு வேண்டியது மூன்று இல்லையென்றால் பின்னே எத்தனை என்று கேட்டார். "பூஜ்யம்" என்றாள் இடில். "தாத்தா, பூஜ்யத்துக்கு எந்த விரலைப் பிடிக்கணும்?" தரகர்கள் இருவரும் யோசித்தார்கள். அதற்கு விரல் இல்லை என்று ஒப்புக்கொண்டார்கள். வேண்டாம் என்பதை வாயால்தான் சொல்ல முடியும் என்று அன்று தூதரின் பதிவேட்டில் எழுதப்பட்டது.

அதன்பின் பேச்சு மறுபடி மரத்தடியில் நடந்தது. துணிக்கு அடியில் முடிந்ததாக நினைத்த ஒவ்வொன்றையும் ஊர் கேட்க மறுபடி பேசினார்கள். சுலபமாக இல்லை. வசை பாடிய கவிஞனுக்கு இரண்டு பல் போயிற்று. தூதர் இரண்டு முறை பெட்டியைக் கட்டினார். அறுபது பெண்களும் பெரியவர்களைச் சுற்றி உட்கார்ந்தார்கள். யாராவது கோழை என்று கத்தினால், இரண்டு பக்கத்துக்கும் உறவான அவர்கள் அவனை முறை சொல்லிக் கூப்பிட்டு, எழுந்து வந்து நீ பேசு என்றார்கள். பெரும்பாலும் யாரும் எழுந்து வரவில்லை. சத்தமாகச் சொல்லி முடிந்த ஒவ்வொன்றுக்கும் சால்வை சுருங்கியது. பதினோராம் நாள் ஆடுகள் இரண்டு வேளை பால் கொடுத்தன.

கடைசியில் நான்கு முழம் மிஞ்சியது. அதற்கு அடியில் இருந்தவை பெயர்கள், யார் யாரைச் சுட்டார்கள் என்பது. இரண்டு பெரியவர்களுக்கும் அவை தெரியும். ஊர் அம்பரோவைப் பார்த்தது. அவள் கணவனைச் சுட்டவனின் பெயரும் அதில் இருந்தது. அவன் மேட்டுக்காரன், ஒருவேளை அவளோடு பிறந்தவனாகவே இருக்கலாம்.

"என் பையனுக்குத் துப்பாக்கி தூக்குற வயசாச்சு" என்றாள். "அது அடியிலேயே இருக்கட்டும். ஆனா அடியில இருக்குன்னு எல்லாருக்கும் தெரியணும். வேற எதையும் அதுக்குள்ள தள்ளக் கூடாது."

ஷிர்வா வழக்கப்படி, நாமெல்லாரும் நேற்று இரவுதான் பிறந்தோம் என்று அறிவித்தார். முன்பு நடந்ததற்கு இனி யாரும் கணக்குக் கேட்பதில்லை என்பது அதற்கு அர்த்தம். ஊரே அதைத் திரும்பச் சொன்னது. அம்பரோவும் சொன்னாள், மற்றவர்களைவிட ஒரு மூச்சு தாமதமாக.

சால்வை இப்போது பள்ளிக்கூடச் சுவரில் தொங்குகிறது. சந்தை நாளில் ஆட்டு விலையைக் கூவுவதற்கு முன் காரே அதை அளந்து சொல்வார். பதினேழு வருடங்களில் மூன்று முறை அது ஒரு சாண் கூடியிருக்கிறது. மூன்று முறையும் பெண்கள் விற்பனையை அப்படியே விட்டுவிட்டுப் பெரியவர்களின் வீட்டுக்கு நடந்துபோய், மூணு என்ன என்று கேட்டார்கள். போன புதன்கிழமை அளவு நான்கு முழம். வெள்ளாடு கொஞ்சம் விலை ஏறியிருந்தது.