மாடி அறைக்கு விழுந்த வெட்டுகள்

நகராட்சித் திட்ட அலுவலர் வீட்டு வரைபடத்தின் மேல் முதல் சிவப்புக் கோட்டை இழுத்த அதே நிமிடத்தில், ஊரின் மறுகோடியில் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்த மனுதாரரின் இடது தொடையில் ஒரு சாண் நீளத்துக்கு வெட்டு விழுந்தது. செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று பத்து. வண்டியை ஓரங்கட்டி, பயணிகளை அடுத்த வண்டியில் ஏற்றி அனுப்பிய பிறகுதான் ஓட்டுநர் மயங்கிச் சரிந்தார். வீட்டுக்குத் தூக்கி வந்ததும் அவர் மனைவி காயத்தின் கட்டை அவிழ்த்துப் பார்த்தாள். இருபது வருடமாக இறைச்சிக் கடை நடத்துகிறவள். எந்த வெட்டு எந்தக் கத்தியால் விழுந்தது என்று பார்த்ததும் சொல்லிவிடுவாள். இது கத்தி இல்லை என்றாள். கத்தி இறங்கும் இடத்தில் ஆழமும் எடுக்கும் இடத்தில் மெலிவும் இருக்கும். இதுவோ முதலிலிருந்து கடைசி வரை ஒரே ஆழம், அளவுகோல் வைத்து இழுத்தது போல.

அவர்கள் கேட்டது மாடியில் ஒரே ஒரு அறை. மகள் இரண்டு குழந்தைகளோடும், புருஷன் உடைத்த தாடையோடும் திரும்பி வந்திருந்தாள். ஒற்றை அறையில் ஐந்து பேர், ஒருவர் புரண்டால் நான்கு பேர் புரள வேண்டும். வரைபடம் திருத்தத்துக்குத் திரும்பி வந்த அன்று கடைக்காரி அதைக் கணவனின் தொடையோடு சேர்த்து வைத்துப் பார்த்தாள். கோடும் தழும்பும் ஒரே நீளம். திருத்தி அனுப்பினார்கள், ஜன்னல் அளவு சரியில்லை என்று ஒரு கோடு, முதுகில். பக்கவாட்டு இடைவெளி போதவில்லை என்று ஒரு கோடு, விலாவில். நான்காவது வெட்டு வயிற்றில் விழுந்தபோது குடல் தெரிந்தது. பதினெட்டு மாதத்தில் ஓட்டுநர் தன் எடையில் பாதியானார். அவர் படுத்திருந்த கட்டிலருகே மகள் வந்து நின்று, "மனுவ வாபஸ் வாங்கிடுங்கப்பா. நான் அவன்கிட்டயே போயிடறேன்" என்றாள். அம்மாக்காரி அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "போனா நாங்கதான் வந்து பொணத்தத் தூக்கணும். பேசாம இரு."

மறுநாள் கடைக்காரி கணவனிடம் சொல்லாமல் மனுவைத் தன் பெயருக்கு மாற்றினாள். பிறகு கடையிலிருந்து நேராக, இடுப்பில் செருகிய கத்தியை எடுத்து வைக்கவும் மறந்து, திட்ட அலுவலரின் மேசை முன் போய் நின்றாள். அவர் யாரிடமும் லஞ்சத்துக்குக் கை நீட்டாதவர், ஓய்வுபெற மூன்று வருடம் இருந்தது, விதிப்புத்தகத்தைத் தவிர எதற்கும் பயப்படாதவர். நடந்ததைச் சொன்னாள். அவர் கத்தியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "நான் கோடுதானேம்மா போடறேன்?"

"என் கண்ணு முன்னாடி ஒண்ணு போடுங்க."

மாடிப்படி எல்லைச் சுவரை அரையடி நெருங்கியிருந்தது உண்மைதான். அவர் அளவுகோலை வைத்துக் கோடு போட்டார். அவளுடைய முழங்கை முதல் மணிக்கட்டு வரை தோல் பிளந்து, ரத்தம் மூன்று கோப்புகளின் மேல் கொட்டியது. அவள் கையை மறைக்கவில்லை. இன்னும் எத்தனை தப்பு இருக்கிறது என்று மட்டும் கேட்டாள். அவர் வரைபடத்தைப் பார்த்து, ஆறு என்றார். சொல்லிவிட்டுப் பேனாவை மூடியவர், அதன் பிறகு எட்டு மாதம் எந்த வரைபடத்திலும் கோடு போடவில்லை.

தேங்கிக் கிடந்த கோப்புகளைக் கேட்டுத் தலைமைப் பொறியாளர் கீழே இறங்கி வந்தார். கறை படிந்த வரைபடத்தை எடுத்ததும் மூலைக்கு மூலை குறுக்கே அடித்து நிராகரிக்கச் சொன்னார். அடித்தால் அந்தம்மா செத்துப்போவாங்க என்றார் அலுவலர். பொறியாளர் பேனாவைப் பிடுங்கினார். அலுவலர் அவர் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார். மேசை கவிழ்ந்தது. பொறியாளரின் முழங்கை பட்டு அலுவலருக்கு இரண்டு பல் போனது. அலுவலர் காகிதம் பறக்காமல் வைக்கும் கண்ணாடிக் குண்டை எடுத்துப் பொறியாளரின் மூக்கை உடைத்தார். இழுபறியில் பேனா முனை வரைபடத்தில் உரசிய நேரத்தில், கடையில் எலும்பு வெட்டிக்கொண்டிருந்தவளின் கழுத்து கிழிந்தது. ஒரு விரல் தள்ளியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். அலுவலர் தரையில் தவழ்ந்துபோய் அனுமதி முத்திரையை எடுத்து, வாழ்நாளில் பட்ட கோபத்தையெல்லாம் சேர்த்து வரைபடத்தின் மேல் ஓங்கிக் குத்தினார். கடைக்காரியின் வலது காறை எலும்பு இரண்டாக முறிந்தது.

பணிநீக்க உத்தரவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலுவலர் மருத்துவமனைக்கு வந்தார். கட்டிலின் கால்மாட்டில் நின்றார். "மெதுவா குத்தியிருக்கலாம்" என்றார், பல் போன வாயால்.

"குத்தினீங்களே, அது போதும்" என்றாள் அவள்.

பொறியாளர் அனுமதியை ரத்து செய்ய மூன்று முறை முயன்றார். அலுவலகத்தில் ஒருவரும் அவருக்குச் சிவப்பு மை எடுத்துக் கொடுக்கவில்லை. மழைக்காலத்துக்கு முன் அறை எழும்பியது. மருமகன் ஒருமுறை வந்து வாசல் கதவை உதைத்தான். மாடிப்படியில் கத்தியோடு உட்கார்ந்திருந்த மாமியார் எழுந்து நின்றதும் திரும்பிப் போனான். மகள் குழந்தைகளோடு மேலே குடியேறினாள். அவள் தாடை சற்றுக் கோணலாகவே கூடியது.

மாடிக்கு மின் இணைப்பு கேட்கப் போனபோது எழுத்தர் அசல் அனுமதியைக் கேட்டார். அது அன்றைய சண்டையின் ரத்தத்தில் ஊறி ஓர் எழுத்தும் தேறாமல் போயிருந்தது. கடைக்காரி தோளிலிருந்து துணியைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினாள். எலும்பு கூடிய மேட்டின் மேல் வட்ட முத்திரை, ஊதா நிறத்தில், தேதியோடும் எண்ணோடும் இருந்தது. எழுத்தர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து எண்ணைப் பார்த்து எழுதத் தொடங்கினார். கடைசி இலக்கத்தில் நின்றார்.

"இது எட்டா, மூணா?"

கூட வந்திருந்த மகள் எட்டிப் பார்த்து, எட்டு என்றாள். அவர் எட்டு என்று எழுதி, வியாழக்கிழமை ஆட்கள் வருவார்கள், வீட்டில் யாராவது இருங்கள் என்று சொல்லிவிட்டு, அடுத்தவரைக் கூப்பிட்டார்.