நகாத்தோ கரையேறினாளா?

அந்த முதலைக்கு நாவலில் மூன்று கண். படத்தில் இரண்டுதான் இருந்தன. பார்த்ததுமே கொட்டகைப் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஒரு கண் போனால் என்ன என்று கேட்பீர்கள். ‘வெள்ளி முதலையின் அரண்மனை’யை ஏழு முறை படித்தவளிடம் அப்படிக் கேட்காதீர்கள். கண்ணை மாற்றியவன் முடிவை மாற்ற மாட்டான் என்பது என்ன நிச்சயம்? எனக்கு வேண்டியது முடிவு மட்டும்தான்.

என் சின்ன மகள் நகாத்தோ மலேரியாவோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நான்கு நாளாகக் காய்ச்சல். கொடுத்த மருந்தையெல்லாம் துப்பினாள். மாலை ஆறு மணிக்குள் சூடு இறங்காவிட்டால் பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றிவிடுவதாக நர்ஸ் சொல்லி, வண்டியையும் வரவழைத்திருந்தார். போன மாதம் அப்படி ஏற்றிய இரண்டு பிள்ளைகளும் திரும்பவில்லை.

நானும் என் இரட்டைப் பெண்களும் சேர்ந்து படித்த நாவல் அது. அதிலும் இரட்டைச் சகோதரிகள்தான். இளையவளை முதலை ஏரிக்கு அடியில் இழுத்துக்கொண்டு போகும். கடைசி அத்தியாயத்தில் அவள் ஈரத் தலையோடு கரையேறுவாள். அந்தச் சனிக்கிழமை மதியம் படம் எங்கள் ஊர்க் கொட்டகைக்கு வந்தது.

“நீ போய்ப் பாரும்மா. அவ கரையேறினாளான்னு வந்து சொல்லு. அப்பதான் மருந்து குடிப்பேன்,” என்றாள் நகாத்தோ.

போகாமலே பொய் சொல்லிவிடேன் என்றார் என் கணவர். அவருக்கென்ன, சொல்லிவிடுவார். என் முகத்தில் பொய் நிற்காது. அந்தக் குட்டி ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடும். அவரையும் மூத்தவள் பபிர்யேயையும் கட்டிலருகே உட்கார வைத்துவிட்டுக் கிளம்பினேன். பிள்ளையைப் போட்டுவிட்டுப் படத்துக்குப் போகிறாள் பார் என்று வார்டே பேசியிருக்கும். பேசட்டும்.

கொட்டகையில் திரைக்குப் பக்கத்தில் லுவாசா மைக்கோடு உட்கார்ந்திருந்தார். ஆங்கிலப் படம் ஓட ஓட அதை எங்கள் லுகாண்டா மொழியில் சொல்வது அவர் தொழில். அவர் சொல்வதுதான் எங்களுக்குப் படம். திரையில் இருப்பவர்களுக்கெல்லாம் நம் ஊர்ப் பேரையே வைத்துவிடுவார். இரட்டைப் பெண்கள் என்றால் அவர் யோசிக்கவே வேண்டாம். எங்கள் ஜனத்தில் மூத்தவள் பபிர்யே, இளையவள் நகாத்தோ, வேறு பேர் கிடையாது.

“பாருங்க, நகாத்தோ தண்ணிக்குள்ள போறா,” என்றார் லுவாசா.

என் மகளையே சொன்னது போலிருந்தது.

அடுத்து, நாவல்படி பார்வையற்ற படகோட்டி வர வேண்டும். அந்தப் படகுக்காரியின் வலையைப் பிடித்துக்கொண்டுதான் இளையவள் மேலே வருவாள். படகோட்டி வரவேயில்லை. அவளை விட்டுவிட்டார்கள் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

பக்கத்திலிருந்த மீன்காரர் சிரித்தார். “நாலோங்கோ, புஸ்தகத்த வீட்டுல வச்சுட்டு வரக்கூடாதா?” இரட்டையரைப் பெற்ற நாளிலிருந்து ஊரில் என் பேர் நாலோங்கோதான்.

திரையில் ஏரிக்கரை வந்தது. மணலில் ஒரு வெள்ளைத் துணி. துணிக்கடியில் சின்ன உடம்பு. தாய் அதன்மேல் விழுந்து கதறினாள்.

இரட்டையரில் ஒன்று போனால் நாங்கள் ‘பறந்துவிட்டது’ என்போம். அந்த இன்னொரு சொல்லைச் சொல்ல மாட்டோம். சொன்னால் இருப்பதையும் சேர்த்து அழைத்ததாகிவிடும். லுவாசா இப்போது இரண்டில் ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எதைச் சொன்னாலும் என் மகள் பேரோடு, ஒலிபெருக்கியில், ஊர் கேட்கச் சொல்வார். ஓடிவிட நினைத்தேன். அதற்கு நேரமில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

மைக் அடங்கிப் போனது. அந்த மனிதர் வாய் மூடி நான் கண்டதில்லை. சமோசா போன்ற சம்புசா சுட்டு விற்கும் என் கடை நாலு நாளாக ஏன் திறக்கவில்லை என்று காலையில்தான் விசாரித்து, நகாத்தோவின் காய்ச்சலைத் தெரிந்துகொண்டு போயிருந்தார். நான் எந்தப் பெஞ்சில் இருக்கிறேன் என்பதும் அவருக்குத் தெரியும்.

“நகாத்தோ கரைக்கு வந்துட்டா,” என்றார் மெதுவாக. “ரொம்ப தூரம் நீந்தியிருக்கா. அசதியில தூங்குறா.”

கொட்டகை கொதித்துப் போனது. முகத்தை மூடியிருக்கிறதே, தாய் அழுகிறாளே என்று ஆளாளுக்குக் கத்தினார்கள்.

“இங்கிலீசு உனக்குத் தெரியுமா எனக்குத் தெரியுமா? கொசுக்கடிக்கு மூடியிருக்காங்க. அம்மாக்காரி சந்தோசத்துல அழுவுறா.”

அதற்கு மேல் நான் உட்காரவில்லை. ஆஸ்பத்திரிவரை ஓடினேன். என்ன பார்க்கப் போகிறேனோ என்று வார்டு வாசலில் ஒரு நிமிடம் நின்றுவிட்டேன்.

நகாத்தோவின் உதடு வெடித்திருந்தது. கண் மட்டும் என்னைத் தேடியது.

“வந்தாளாம்மா?”

“வந்துட்டாடி.”

“படத்துல வந்தாளா? லுவாசா மாமா சொன்னாரா?”

பத்து வயதுப் பிள்ளைக்கு அவர் கைவரிசை தெரியாதா என்ன. என் முகம் வேர்த்தது.

“நான் கண்ண மூடிக்கிட்டேன். அவரு வந்துட்டான்னு சொன்னாரு.”

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நானா இருந்தாலும் மூடியிருப்பேன்,” என்று சொல்லி வாயைத் திறந்தாள்.

மருந்து உள்ளே போனது. வெளியே வரவில்லை. அவள் நெற்றியில் கையை வைத்தேன்; அடுப்புக் கல்லாகச் சுட்டது. வைத்த கையை எடுக்கப் பயம். எடுத்தால் எதுவோ நடந்துவிடும். பபிர்யே தங்கையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். வெளியே வண்டி நின்றிருந்தது.

ஆறு மணிக்கு வந்த நர்ஸ் என் கையைத் தூக்கிவிட்டுத்தான் தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

“வண்டியத் திருப்பி அனுப்பிடலாம்,” என்றார்.

நகாத்தோ தூங்கிப் போயிருந்தாள். போர்வையை அவள் கழுத்தோடு நிறுத்தினேன், அதற்கு மேல் போக விடவில்லை. பிறகுதான் அழுதேன். யாராவது ஏன் என்று கேட்டிருந்தால், படத்தில் அந்தத் தாய் அழுததற்கு லுவாசா சொன்ன பதிலையே சொல்லியிருப்பேன்.