மடாதிபதிக்கு நான் சொன்ன பதில்

மடத்து வாசலறையில் என் கணவருக்கு நாற்காலி போட்டார்கள். எனக்குப் போடவில்லை. அவர் பேச்சை மொழிமாற்றிச் சொல்ல என் வாய் மட்டும்தானே வேண்டும், அது நின்றுகொண்டே பேசும். என் கணவர் பத்திஸ்தா இத்தாலிய மொழிக்காரர், லுகானோ ஏரிக்கரையில் பிறந்தவர். துருக்கியர் வியன்னாவைச் சுற்றி வளைத்த வருஷம் கட்டட வேலைக்கு மொராவியா வந்தவர். தலை நரைத்துவிட்டது, எங்கள் செக் மொழி மட்டும் படியவில்லை. எங்கள் மொழியில் 'நான் வந்தேன்' என்பதை ஆண் ஒரு விதமாகவும் பெண் ஒரு விதமாகவும் சொல்ல வேண்டும். மனிதர் என்னிடமே கற்றதால் பெண் சொல்கிற விதமாகவே பேசுவார். கொத்தனார்கள் சாரத்தின் மேலிருந்து, "மேஸ்திரியம்மா வந்துட்டாங்கடா, எழுந்திருங்கடா!" என்பார்கள். அதனால் முக்கியமான பேச்சு எதுவானாலும் நான்தான். நான் பிராக் நகரத்தில் இத்தாலியர் தெருவில் பீர்க்கடைக்காரர் மகள். அவர்கள் பாஷையில் வசவுகளைத்தான் முதலில் கற்றேன்.

அவர் திட்டுவதை நான் அப்படியே கொடுத்ததில்லை. "இந்தக் கழுதைங்க கட்டினது சுவரா, பன்னிக் கொட்டகையா?" என்று கத்துவார். நான், "இன்னும் கொஞ்சம் நேரா கட்டுங்கப்பா" என்பேன். மூன்று கோயில்களும் ஒரு பிரபுவின் மாளிகையும் இப்படித்தான் எழும்பின. அவர் பேர் வாங்கியதில் பாதி என்னால்தான், வெட்கமில்லாமல் சொல்வேன்.

அன்றைய பேச்சு கும்மட்டத்தைப் பற்றியது. மடத்துக் கோயிலின் தூண்கள் எழும்பி நின்றன, மேலே திறந்த வானம். செங்கல்லில் பெரிய கும்மட்டம் ஒன்றைக் கட்டிப் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் ஆசை. மடாதிபதிக்கோ பயம். பக்கத்து ஊரில் இன்னொரு இத்தாலிக்காரர் போட்ட வளைவு, அவர் தன் ஊருக்குத் திரும்பிய பிறகு விரிசல் விட்டுவிட்டது. போய்க் கேட்க ஆளில்லை.

"கேட்டுச் சொல்லும்மா," என்றார் மடாதிபதி. "கும்மட்டம் முடிஞ்சதும் இவரும் மூட்டையைக் கட்டிருவாரா? போறவர்னா இப்பவே சொல்லிரட்டும். நான் மரக்கூரை போட்டுக்கறேன்."

கேட்டேன். பத்திஸ்தா மடியிலிருந்த தொப்பியைப் பார்த்தபடியே தன் பாஷையில் சொன்னார்: "பொய் சொல்ல வரலை, தொரொத்தா. இதை முடிச்சதும் நான் ஏரிக்கரைக்குப் போயிருவேன். அங்கதான் சாகணும். உன்கிட்ட தனியா சொல்லணும்னுதான் இருந்தேன்."

போயிருவேன். போயிருவோம் இல்லை. என் வீடு இங்கே, பெற்றுப் பறிகொடுத்த இரண்டு பிள்ளைகளும் இந்த ஊர் மண்ணில். இத்தனை வருஷம் இந்த மனிதருடைய பேச்சுக்கெல்லாம் சர்க்கரை தடவிக் கொடுத்த எனக்குக் கிடைத்தது இது.

"என்ன சொல்றார்?" என்றார் மடாதிபதி.

"இந்த மண்ணுலதான் சாவேன்னு சொல்றார் சாமி. உயிர் இருக்கிற வரைக்கும் கும்மட்டத்துக்கு நான் பொறுப்புங்கிறார்."

மடாதிபதியின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படின்னா கும்மட்டத்துக்கு நேர் கீழேயே அவருக்குக் கல்லறை. நான் எழுதிக் கொடுத்துடறேன்" என்று சத்தியத்துக்காகச் சிலுவையை நீட்டினார். கல்லறைப் பேச்சை மட்டும் அவர் பாஷையில் சொன்னேன். பத்திஸ்தா என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து சிலுவையை உதட்டில் ஒற்றி முத்தி செய்தார்.

வெளியே வந்ததும், "சாவேன்னு சொன்னே. அந்த வார்த்தை எனக்குத் தெரியும்" என்றார்.

"தெரிஞ்சுமா முத்தி செஞ்சீங்க?"

"கும்மட்டம் வேணுமே."

"நான் வேணாமா?"

அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு நடந்தார். கொஞ்ச தூரம் போன பிறகு, "கும்மட்டத்துக்குக் கீழ உனக்கும் இடம் கேட்டியா?" என்றார்.

அதுவரை நான் அதை நினைக்கவேயில்லை.

"அது ஆம்பளைங்க மடம். பொம்பளையைப் புதைக்க மாட்டாங்க. எனக்கு ஊர்க் கல்லறைத் தோட்டம்தான்."

கோயிலுக்குள் போனோம். தூண்களுக்கு நடுவே முந்தின நாள் மழை தேங்கிக் கிடந்தது. மடாதிபதி அவர் கல்லறைக்குச் சொன்ன இடம் அதுதான். சேறு சகதி பார்க்காமல் நேரே நடக்கிறவர், அன்று என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அந்தத் தண்ணீரைச் சுற்றி நடந்தார்.