கட்டுச்சோறும் ஒரு சொந்த வரியும்

1

இந்தக் கதை பிறந்த விதம் அப்படியொன்றும் புனிதமானதல்ல. மலேசியாவில் மம்பாவ் பக்கத்துத் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆண்டுமலருக்குக் கட்டுரை கேட்டார். "பிள்ளைங்க போனைப் பாத்து அப்படியே எழுதறாங்க சார். காப்பியடிக்கிறது தப்புன்னு நறுக்குன்னு எழுதிக் குடுங்க லா. கடைசியில ஒரு நீதி கட்டாயம் வேணும்" என்றார். கூடவே ஒரு மாதிரிக் கட்டுரையையும் அனுப்பிவைத்தார், அதைப் பார்த்து எழுதச் சொல்லி.

தொடங்கினேன்.

கருத்துத் திருட்டு என்பது பிறர் எழுதியதைத் தன்னுடையது என்று...

வேண்டாம். இதை எங்கேயோ படித்திருக்கிறேன்.

1951. கெமாஸ் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தின்மேல் பனி மூடியிருந்த ஒரு விடியற்காலையில்...

இதையும்தான். பனி இல்லாமல் எந்தத் தோட்டக் கதை விடிந்திருக்கிறது? பனியை எடுத்துவிட்டேன். ஆண்டும் தோட்டமும் இருக்கட்டும்.

2

இராஜமாணிக்கம் வாத்தியார் முழுக்க முழுக்க என் சொந்தக் கற்பனை. (அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். வேறு கதையில் பார்த்திருந்தால் சொல்லாதீர்கள்.)

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்கு அவர் ஒருவர்தான் வாத்தியார். கணக்கெழுதும் கிராணியிலிருந்து வேலை வாங்கும் மண்டோர்வரை எல்லோருக்கும் அவர் "நம்ம எழுத்தாளர்". கரும்பலகையில் அவர் எழுதிப்போடும் கட்டுரைகளைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்து அப்படியே எழுதுவார்கள். என்ன நடை, என்ன வருணனை! இருக்காதா பின்னே? மதராஸில் அச்சான ஒரு கட்டுரைப் புத்தகத்தின் நடை அது. அட்டை கிழித்த அந்தப் புத்தகம் அவருடைய டிரங்குப் பெட்டியில் வேட்டிகளுக்கடியில் பூட்டிக் கிடந்தது. பால்மரத்தைத் தவிர வேறு மரத்தைச் சரியாகப் பார்த்திராத பிள்ளைகள், தங்கள் வீட்டு வாசலில் காவிரி பாய்வதாக ஆண்டுதோறும் எழுதினார்கள். வாத்தியாரும் "நன்று" போட்டார்.

எல்லாக் கட்டுரையும் ஒரே அச்சாக இருந்தால் மேலதிகாரி கண்டுபிடித்துவிடுவாரே? அதற்கும் வழி வைத்திருந்தார்.

"கடைசியில ஒரு வரி மட்டும் சொந்தமா எழுதுங்கடா. ஒரே ஒரு வரி போதும்."

பிள்ளைகளும் எழுதினார்கள். "அது மிகவும் நல்ல நாள்." "எனக்கு வயிறு வலித்தது." சொந்தச் சரக்கு அவ்வளவுதான்.

3

அந்த ஆண்டு மாவட்டக் கட்டுரைப் போட்டிக்குத் தலைப்பு: இன்பமான ஒரு நாள். வாத்தியார் பெட்டியைத் திறந்தார். புத்தகம் சொன்னது, கரும்பலகை ஏற்றது, வகுப்பு மொத்தமும் எழுதியது:

"நாங்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு அதிகாலையில் காட்டுக்குச் சென்றோம். அங்கே எங்களுக்காகக் காத்திருந்த மாமாவுக்கும் அவர் நண்பர்களுக்கும் வயிறார உணவு பரிமாறினோம்."

* அந்தக் காலத்தை அறியாதவர்களுக்கு: அது மலாயாவின் அவசரகாலம். காட்டில் ஒளிந்து போரிட்ட கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகக் கூடாதென்று அரசாங்கம் தொழிலாளர்கள் குடியிருந்த தோட்டத்து லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தது. பாலெடுக்க மரம் வெட்டப் போகிறவர்கள் தங்கள் மதியச் சோற்றைக்கூட வேலிக்கு வெளியே கொண்டுபோக முடியாது. வாசலில் போலீஸார் வாளியைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். பிடிபட்டால் சிறை, இல்லையென்றால் இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிடுவார்கள். இப்படிப்பட்ட இடத்தில்தான் ஒரு வகுப்பே பெயர் போட்டு வாக்குமூலம் எழுதிக் கொடுத்திருந்தது.

வாத்தியார் கவனிக்கவில்லையா என்று கேட்பீர்கள். ஒற்றுப்பிழை பார்த்தார். பொருள் பார்க்கவில்லை. பார்த்து எழுதுகிறவர்களுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

4

தோட்டத்தைவிட்டு வெளியே போகும் தாள் எதுவானாலும் போலீஸ் படித்த பிறகுதான் போகும். இன்ஸ்பெக்டர் பெர்னார்ட் தமிழர், சிரம்பான்காரர். கட்டுரைக் கட்டோடு நேரே வகுப்புக்கே வந்துவிட்டார்.

"என்ன வாத்தியாரே, ஸ்கூலே திரண்டு காட்டுக்குச் சோறு கொண்டுபோயிருக்கு?"

"அது... கற்பனைங்க ஐயா."

"எல்லாப் பிள்ளைக்கும் ஒரே கற்பனையா? யாரு அந்த மாமா? சொல்லுங்க, இல்லன்னா பிள்ளைங்களோட அப்பன் ஆத்தாளை எல்லாம் லாரியில ஏத்திடுவேன் லா."

எழுத்தாளர் பட்டம் ஒரு பக்கம், லயம் முழுக்க ஒரு பக்கம். பாவம், வாத்தியார் யோசிக்கக்கூடச் செய்தார். பிறகு வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து, புத்தகத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

"இதைப் பாத்துத்தாங்க எழுதிப்போட்டேன். என்னோடதுன்னு சொல்லிக்கிட்டேன். எனக்குச் சொந்தமா ஒரு வரிகூட எழுத வராதுங்க."

பிள்ளைகள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பெர்னார்ட் விரல் வைத்து வரி வரியாக ஒப்பிட்டார். சிரித்தார். தொப்பியைக் கழற்றிவைத்துவிட்டுச் சிரித்தார்.

(தலைமையாசிரியரே, இங்கே நிறுத்தினால் உங்கள் நீதி ரெடி. காப்பியடித்தால் ஊர் சிரிக்கும். நான் நிறுத்தியிருக்கலாம்.)

கட்டுரைக் கட்டில் ஒரு தாளின் கடைசியில் பெர்னார்டின் விரல் நின்றது. உரக்கப் படித்தார்.

"மாமா ஒரு பருக்கை சிந்தமாட்டார். தாடியில் ஒட்டியதையும் எடுத்துத் தின்றுவிட்டு, அம்மாவுக்கு மிச்சம் இருக்கிறதா என்று கேட்பார்."

"இது புத்தகத்துல இல்லையே?"

5

நீலாவதி எழுதிய வரி அது. முதல் வரிசைப் பிள்ளை. பள்ளி இல்லாத நாளில் அம்மா தாயம்மாவோடு மரத்துக்குப் போய்வருவாள். தாயம்மாவின் தம்பி தோட்டத்தைவிட்டு ஓடிப்போனது வாத்தியாருக்குத் தெரியும். எங்கே ஓடினான் என்பது அந்த வரியைக் கேட்ட நொடியில் தெரிந்துவிட்டது.

பார்த்து எழுதிய பிள்ளைகள் எல்லாம் தப்பித்தாயிற்று. வாத்தியார் சொல்லைக் கேட்டு உண்மையாகவே சொந்தமாக எழுதிய ஒரே பிள்ளை மாட்டிக்கொண்டது. கட்டுரை எழுதக் கற்றுக்கொடுக்கிறோம் என்று நாமெல்லாம் மார்தட்டிக்கொள்வதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

"அந்த வரி என்னோடதுங்க ஐயா" என்றார் வாத்தியார். "நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

பெர்னார்ட் இப்போது சிரிக்கவில்லை.

"சொந்தமா ஒரு வரி எழுத வராதுன்னு இப்பத்தானே சொன்னீங்க?"

சுண்ணக்கட்டியை எடுத்து நீட்டினார்.

"சரி. இதே மாதிரி இன்னொரு வரி எழுதிக் காட்டுங்க. நம்பறேன்."

6

பெர்னார்ட் மனமிரங்கித் தாளைக் கிழித்துப் போட்டார். இது பழைய முடிவு, பலர் எழுதித் தேய்ந்தது.

வாத்தியாரின் கை தானாக எழுதத் தொடங்கியது, அதில் அவருடைய...

பொய். அப்படியெல்லாம் கை தானாக எழுதாது. அவருக்காக நானும் எத்தனையோ வரி எழுதிப் பார்த்துவிட்டேன். எல்லாமே எங்கேயோ படித்தவை. பெர்னார்ட் படித்த மனிதர், கண்டுபிடித்துவிடுவார்.

ஆகவே வாத்தியார் கரும்பலகை முன்னால் சுண்ணக்கட்டியோடு நிற்கிறார். நீலாவதி அவர் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். தாயம்மா ரப்பர்ப் பால் வாளியோடு வேலி வாசலை நோக்கி நடந்து வருகிறாள்.

காப்பியடிக்காதீர்கள் என்று எழுதித்தான் நான் இதை முடிக்க வேண்டும். மனம் வரவில்லை. உங்களிடம் ஒரு வரி இருந்தால் கொடுங்கள். இல்லையென்றால் எங்கிருந்தாவது திருடிக்கொண்டாவது வாருங்கள், அவள் வாசலுக்கு வருவதற்குள்.