காற்றுக் குழாயில் அடைத்த துணி

ஓய்வு பெறும்வரை பஸ் ஓட்டியவருக்கு, சொந்தக் கார் வாசலைத் தாண்ட மறுத்தது மானப் பிரச்சினையாகிவிட்டது. ஸ்டார்ட் ஆகும், கொஞ்சம் இருமும், அணைந்துவிடும். பேட்டரியைத் திட்டித் தீர்த்துவிட்டு, மெக்கானிக்காக இருந்த மச்சானை வரச் சொன்னார். மனைவியின் தம்பி.

மச்சான் பானெட்டைத் தூக்கினான். "மூச்சுத் திணறுது மாமா. காத்து போற வழியைப் பாப்போம்."

ஹெட்லைட்டுக்குப் பின்னால் காற்றை இழுக்கும் வாய். அடுத்து ஃபில்டர் இருக்கும் கறுப்புப் பெட்டி. அதிலிருந்து எஞ்சினுக்குத் தடித்த ரப்பர் குழாய். பெட்டியும் குழாயும் சேரும் இடத்தில், உள்ளே போகும் காற்றை அளக்கும் சின்ன சென்சார். விரலால் தொட்டுக்கொண்டே வந்தவன் அங்கே நின்றான். சென்சாரின் ஒயர் கழற்றப்பட்டு, ஓரமாக மடித்துச் செருகியிருந்தது.

"எலி வேலையா இருக்கும்," என்றார் அவர்.

"எலி கடிக்கும் மாமா. மடிச்சு வைக்காது."

காற்று வாய்க்குள் குறடை விட்டு இழுத்தான். துணி வந்தது. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. நீலத்தில் வெள்ளைப் பூ.

அவர் அதை வாங்கி விரித்தார். மனைவியின் பழைய நைட்டி அது. பானெட்டுக்கும் டிக்கிக்கும் வித்தியாசம் தெரியாதவள் என்று ஊரெல்லாம் கேலி செய்திருக்கிறார்.

அவள் வாசலில்தான் நின்றிருந்தாள்.

"நான்தான். போன்ல வீடியோ பாத்து கண்டுபிடிச்சேன். துணி மட்டும் போதுமான்னு தெரியல, அதான் ஒயரையும் கழட்டினேன்."

"அக்கா!" என்றான் மச்சான்.

"உனக்குப் பைத்தியமா?" என்றார் அவர்.

"போன வாரம் மார்க்கெட் திருப்பத்துல, குழந்தையைத் தள்ளுவண்டியில வச்சுத் தள்ளிட்டு ஒரு பொண்ணு வந்தா. நம்ம கார் உரசிட்டுப் போச்சுங்க. அவ வண்டியைப் பின்னால இழுத்ததால பிள்ளை தப்பிச்சுது. நீங்க பாட்டுப் பாடிட்டு ஓட்டினீங்க."

"அப்படி யாருமே வரலையே."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"டாக்டர்கிட்ட கண்ணைக் காட்டுங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்? காதுல வாங்கினீங்களா?"

யாரும் கேட்காமலே அவர் இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். எதிரே நின்ற மச்சானின் முகம் கரைந்து, சட்டையின் நிறம் மட்டும் மிஞ்சியது. கையை எடுத்தார். மறுபடி பொத்தினார். அப்படியே பம்பர் மேல் உட்கார்ந்துவிட்டார். இத்தனை நாளாக எத்தனை பேரை உரசிக்கொண்டு போயிருப்பேன் என்ற எண்ணம் வந்தது.

மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். தொடவில்லை, நகரவும் இல்லை.

"ஒயரை மாட்டு மச்சான்," என்றார்.

மச்சான் அதை மாட்டிச் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் தடையில்லாமல் ஓடியது. அவர் எழுந்து, சாவியை மச்சானிடமே விட்டுவிட்டு, பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டார்.

"கண் ஆஸ்பத்திரிக்கு விடு. உங்க அக்காவையும் ஏறச் சொல்லு."