கோணல் தையல்

“வளையல் அடுக்கி முடிக்கிற வரைக்கும் நீ சமையக்கட்ட விட்டு வராத, என்னா?” என்று செல்வாம்பாள் மூத்த மருமகளிடம் சொன்னாள். குரலில் கோபம் இல்லை. தண்ணீர் மோட்டாரை நிறுத்தச் சொல்கிற அதே குரல்தான். ஹேமலதாவுக்கு அதுதான் வலித்தது.

புருஷன் போன பிறகு பொழுதுபோகாமல் துண்டுத் துணிகளை இணைத்துப் போர்வை தைக்க ஆரம்பித்தவள் அவள். தையல்கடையில் மிஞ்சுகிற துணி, நடுவே மெல்லிய பஞ்சு, மேலே பொடிப்பொடியாகக் கைத்தையல். இப்போது மூலக்குளத்து வீட்டின் முன்னறை முழுக்கக் குழந்தைப் போர்வைகள்தான். மாடிக்கு டைல்ஸ் போட்டதும் அந்த வருமானத்தில்தான். ஆனால் வாங்குகிறவர்களிடம் செல்வாம்பாள், தைப்பது இளைய மருமகள் கலைவாணி என்றே சொல்லி வந்தாள். பச்சைக் குழந்தைக்குப் போர்த்துவதைத் தாலியறுத்தவள் தைத்தாள் என்றால் யார் வாங்குவார்களாம்? டைல்ஸில் மட்டும் அந்தத் தோஷம் ஒட்டவில்லை போலும்.

இன்று கலைவாணிக்கு வளைகாப்பு. கூடத்தில் அவள் மடிமேல் ஹேமலதா தைத்த போர்வையே விரிந்திருந்தது. வந்தவர்களில் ஆதிலட்சுமி என்ற அம்மாள் உப்பளம் கடைத்தெருவில் குழந்தைத் துணிக்கடை வைத்திருப்பவள். மாதாமாதம் போர்வை எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள். கூடவே ஓர் ஆசையும்.

“ரெண்டு தையல் போடும்மா, போன்ல படம் புடிச்சிக்கிறேன். கடைக்கு வர்றவங்க பாக்கட்டும்.”

கலைவாணி சட்டைப் பொத்தான்கூடத் தைத்தறியாதவள். யாரோ நூல் கோத்து நீட்டிய ஊசியை வாங்கி, கை நிறைய வளையல் குலுங்க ஒரு குத்துக் குத்தினாள். நூல் வளையலில் மாட்டிக்கொண்டது. வடக்கே கிளம்பிய தையல் கிழக்கே போய்ச் சேர்ந்தது.

கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்த ஹேமலதா எத்தனையோ அவமானத்தைப் பொறுத்தவள்தான். கோணல் தையலை மட்டும் அவளால் பொறுக்க முடியவில்லை.

“ஏ கலை, போர்வைய கொல்லாத! இப்புடிக் குடு” என்று நடுக்கூடத்துக்கே வந்து உட்கார்ந்துவிட்டாள். ஊசி வரிசை பிசகாமல் ஓடியது. “வளையல் போட்ட கையில இது வராதுங்க. என் கையிலதான் மாட்டறதுக்கு ஒண்ணும் இல்லியே.”

ஆதிலட்சுமி தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“நீதான் தைக்கிறியா? நல்லதும்மா, நீயே தையி. படம் மட்டும் கலைவாணியோடது இருக்கட்டும். ஜனங்க மனசுன்னு ஒண்ணு இருக்குல்ல?”

“அப்ப கலைவாணியே தச்சுக் குடுக்கட்டுங்க” என்று ஊசியைப் போர்வையில் குத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள் ஹேமலதா.

“அய்யோ, எனக்கு வராதுக்கா!” என்று கலைவாணி பளிச்சென்று சிரித்துவிட்டாள்.

ஆதிலட்சுமி கோணல் தையலைப் பார்த்தாள். பக்கத்தில் நேராக ஓடியிருந்ததையும் பார்த்தாள். பிறகு போனை ஹேமலதா பக்கம் திருப்பினாள்.

முதலில் எழுந்து வந்தது செல்வாம்பாள்தான். ஹேமலதாவின் முந்தானையை இழுத்துச் சரிசெய்து, “கொஞ்சம் சிரிச்ச மாரி இரேன்டி” என்றாள்.

“இருங்க அத்த” என்ற ஹேமலதா, தட்டிலிருந்து இரண்டு கண்ணாடி வளையல்களை எடுத்துக் கலைவாணியின் கையில் நிதானமாக ஏற்றினாள். அத்தனை பெண்களும் செல்வாம்பாள் முகத்தைப் பார்த்தார்கள். செல்வாம்பாள் ஆதிலட்சுமியின் முகத்தைப் பார்த்தாள். ஆர்டர் இன்னும் உறுதியாகவில்லை. வளையல் தட்டை மூத்த மருமகள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.